சாதுவின் ஒன்பது மணி நேரம்

அன்று காலை தம்பி சிரித்துக்கொண்டிருந்தானா, விசிலடித்துக்கொண்டிருந்தானா என்பதில் இன்றுவரை தெளிவில்லை. எத்தனையோ முறை சொல்லியும் கேட்டும் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறது. அக்காவையே கேட்டால் ஒரு சமயம் சிரித்தான் என்பாள், இன்னொரு சமயம் விசில் என்பாள். மழை தூறியது என்று ஒருமுறை சொன்னாள். பிறகு, அது வேறு நாளாக இருக்கும் என்று அவளே திருத்திக்கொண்டாள். மாறாமல் நிற்பவை இரண்டுதான். தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே இருந்த சிமெண்டு பெஞ்சில் அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் சட்டை மார்பிலிருந்து இடுப்புவரை நனைந்து பாதி காய்ந்திருந்தது.

அந்த பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டிய சட்டம் அல்ல. எழுதி ஒட்டியவற்றைவிட நன்றாகக் கடைப்பிடிக்கப்பட்டது. யார்மேலாவது ஏதாவது தெறித்தால், யாருக்காவது மூக்கில் ஆவி ஏறினால், அந்த பெஞ்சில் வந்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். கண் எரிந்தாலோ வாந்தி வந்தாலோ தலை சுற்றினாலோ ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லையென்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஷிப்ட் சூப்பர்வைசர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அரைமணி என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான் என்றாலும் அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது, ஏனென்றால் இருபது வருடமாக அந்த அரை மணி யாரையும் ஏமாற்றியதில்லை. அம்மோனியா கண்ணை உடனே பிடுங்கும். அமிலம் தோலில் விழுந்த நொடியே தன் பெயரைச் சொல்லிவிடும். கோபக்காரர்களோடு குடும்பம் நடத்திப் பழகியவர்களுக்குக் குரலே உயர்த்தாதவனிடம் பயம் வருமா?

குரல் உயர்த்தாதது ஒன்று அங்கே இருந்தது. அசிட்டோநைட்ரைல். முழுப்பெயர் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று ஆட்கள் அதைச் சாது என்றே அழைத்தார்கள். தண்ணீரைப்போல நிறமில்லாதது, தண்ணீரைவிட எடை குறைந்தது, தண்ணீரோடு சண்டை சச்சரவில்லாமல் கலந்துவிடுவது. லேசாக இனிக்கிற மாதிரி ஒரு வாசனை. கையில் பட்டால் குளுகுளுவென்று இருந்து சட்டென்று காய்ந்துவிடும். விரலில் ஒட்டிய பசை, மை எல்லாவற்றையும் துடைத்தெடுக்கும் என்பதால் சிலர் ஷிப்ட் முடிந்து அதிலேயே கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதன் நெருப்புக் குணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். குளிர்ந்த அறையிலும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் தீப்பெட்டியும் செல்போனும் வாசலோடு சரி. நெருப்பை விட்டால் அதனிடம் பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் பொதுவான எண்ணம்.

அது மாத்திரை செய்கிற தொழிற்சாலை. மாடியில் சோதனைக்கூடம்; அங்கே ஐந்து இயந்திரங்கள். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால், அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று மலைமலையாய்க் கோடு வரைந்து காட்டும். அவற்றின் தீனி இந்தச் சாதுதான். பால்குடி மறக்காத பிள்ளைகள்போல நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே உற்பத்தியிலும் டிரம் டிரம்மாக அதே வேண்டும். பயன்பட்டு அழுக்கானதையெல்லாம் மீட்புப் பிரிவில் காய்ச்சி வடித்து மறுபடி சுத்தமாக்குவார்கள். லேசான காரியமில்லை. தண்ணீரோடு சேர்ந்துவிட்டால் பிரிய மனசு வராமல் இரண்டும் கைகோத்துக்கொண்டே ஆவியாகும். தம்பி அந்தப் பிரிவில் ஆபரேட்டர். ஆளின் உயரத்தால் நெட்டை என்று பெயர். அக்காவுக்கு மாடியில் பாட்டில் கழுவுகிற வேலை.

பதினோரு வருடமாகக் கழுவுகிறாள். உரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படித்துவிடுவாள். இதில் ஒரு லட்சியமும் கிடையாது. சிலர் பொட்டலம் மடித்த தாளைப் படிக்காமல் தூக்கிப் போட மாட்டார்களே, அந்தப் பழக்கம். அதனால் அவள் பெயர் லேபிள். அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒவ்வொரு திரவத்துக்கும் தகவல் தாள் ஒட்டியிருக்கும். சாதுவின் தாள் நான்கு பக்கம். அதில் ஒரு வரி அவளை மிகவும் தொந்தரவு செய்தது. 'அறிகுறிகள் தாமதமாகத் தோன்றலாம்.' எவ்வளவு தாமதம்? ஒருநாள் சோதனைக்கூடத்துப் பொறுப்பாளரிடம் கேட்டே விட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: உடம்புக்குள் போனதும் அது ஒன்றும் செய்யாது, ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், உடைந்ததும் அதற்குள்ளிருந்து வருவது சயனைடு. எட்டு மணி நேரம் ஆகலாம், பத்தும் ஆகலாம். அன்று முழுக்க அக்கா பாட்டில்களைக் கழுவியபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத ஒரு விஷம். வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும் விஷம்.

"என்னடா இது கோலம்?" என்றாள், சட்டை நனைந்த அந்தக் காலையில் பெஞ்சின் முன்னால் நின்று.

"ஒண்ணுமில்லக்கா. ஆறே காலுக்கு ஹோஸ் கழண்டு மேல அடிச்சிருச்சு. நம்ம சாதுதான். முக்கால் டிரம்மைக் காப்பாத்திட்டேன் தெரியுமா? பதினஞ்சு நிமிஷம் அந்த வால்வை விடாம பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

"மூடின ரூம்லயா?"

"பின்ன, மைதானத்துலயா?"

"சட்டையக்கூட மாத்தலையே!"

"அதுவே காஞ்சிரும். அரை மணியில இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. அப்புறம் பர்மிஷன் போட்டுட்டுக் கிளம்பறேன். ரெண்டரைக்கு டெஸ்ட், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கனரக வண்டி ஓட்டும் உரிமத்துக்கான டெஸ்ட். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். இந்த மாதம் உரிமம் வாங்கிவிட்டால் கம்பெனி டேங்கரில் டிரைவர் சீட் அவனுக்கு என்று பேச்சு. காகிதங்களையெல்லாம் ஒரு நீலநிற பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அதைப் பெஞ்சில் பக்கத்தில் வைத்து, குழந்தையைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு கையால் தொட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அவனைக் காதைப் பிடிக்காத குறையாக அவசரக் குளியல் குழாயடிக்கு இழுத்துப்போய், சட்டை பேண்டையெல்லாம் கழற்றச் சொல்லி, கால் மணி நேரம் தண்ணீருக்குக் கீழே நிறுத்தினாள். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவன் உள்ளாடையோடு நெளிந்தான். "பாத்தா பாக்கட்டும், நீ என்ன பெரிய சிலையா?" என்றாள்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "என்ன லேபிளு, தம்பிய குளிப்பாட்டி மாப்பிள்ளை ஆக்குறியா?"

"சார், இவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். கேட் பாஸ் குடுங்க."

"அரை மணி தாண்டிருச்சும்மா. ஆள் கல்லு மாதிரி நிக்கறான்."

"இது அரை மணியில தெரியாது சார். எட்டு, பத்து மணி நேரம் கழிச்சுத்தான் வரும்."

"எட்டு மணி நேரம் கழிச்சு வர்றதுக்குப் பேரு விஷம் இல்லம்மா, பசி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் இறங்கிய குரலில், "நல்லா இருக்கறவனுக்கு என்ன வியாதின்னு நான் ரிப்போர்ட் எழுதறது, சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. அவள் மாடிக்குப் போனாள். அலமாரிக் கதவைத் திறந்து, நான்கு பக்கத் தாளை ஒட்டுநாடாவோடு கிழித்தெடுத்தாள். பதினோரு வருடத்தில் கம்பெனிப் பொருளில் ஒரு ரப்பர் பேண்டைக்கூட அவள் வெளியே கொண்டுபோனதில்லை. கீழே வந்தாள். தம்பி மாற்றுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்த நீல ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.

"அக்கா! ஃபைலைக் குடு! ஏய், விளையாடாத!"

அவள் திரும்பவில்லை. நெட்டைக் கால்களை எட்டிப் போட்டு அவன் பின்னாலேயே வந்தான். வாசல் காவலாள் பாஸ் கேட்பதற்குள் இருவரும் தெருவில் இருந்தார்கள். பஸ் வந்தது. அவள் ஏறினாள்; ஃபைல் ஏறியதால் அவனும் ஏறினான்.

ஆஸ்பத்திரி சின்னது; வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. நாற்பது படுக்கை இருக்கலாம். பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். முந்தின நாளிலிருந்து தூங்காத கண்கள். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. நீங்க போகலாம்."

"சொன்னேன்ல" என்று தம்பி எழுந்தான்.

"மேடம், இதக் கொஞ்சம் படிங்க" என்று அக்கா தாளை நீட்டினாள்.

"நீங்க கெமிஸ்ட்டா?"

"இல்ல மேடம். பாட்டில் கழுவறேன்."

இந்தச் சொற்களை அவள் பலரிடம் சொல்லியிருக்கிறாள், தரையைப் பார்த்தபடி. அன்றைக்கு முதுகு வளையாமல் வந்தது. டாக்டர் தாளை வாங்கினார். நின்றபடி படிக்கத் தொடங்கியவர் இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை மணிக்குப் பட்டுச்சு?" என்றார். ஆறே கால் என்றதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. விரல்களை மடக்கி எண்ணினார். "படிச்சிருக்கேன். பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. மாற்று மருந்து இங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்போது மருந்தைக் கொண்டுவரும், எப்படியும் மத்தியானம் ரெண்டு மணி ஆகும். "வேற வண்டில அனுப்பி வழியில ஏதாவது ஆயிட்டா ஆக்சிஜன்கூட இருக்காது. அதுவரைக்கும் இவர் இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

"மேடம், எனக்கு ரெண்டரைக்கு டெஸ்ட்."

"சயனைடுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும். சினிமால வில்லன் பல்லுக்குள்ள வெச்சிருப்பான்."

"உங்க ஈரல் அதத்தான் இப்ப செஞ்சுக்கிட்டு இருக்குன்னு நினைக்கறேன். படுங்க."

படுத்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஃபைல் மடியில். எதிர்க் கட்டிலில் ஒரு முதியவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு வெயில் சதுரம் தரையில் விழுந்து மெதுவாகக் கட்டிலை நோக்கி நகர்ந்தது. பத்தரை. பதினொன்று. தம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான், எதிர்க் கட்டில்காரரிடம் எந்த ரூட்டில் எந்த பஸ் என்று பேசினான், அக்காவைப் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு மணிக்கு அவன் கூரையைப் பார்த்தபடி, "நீ ஜெயிக்கணும், அதானக்கா?" என்றான்.

கேள்வி போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அப்பா போய் அம்மா வேலைக்கு இறங்கியபோது அவனுக்கு நாலு வயது. அவன் டேங்கர் ஓட்டுவதை அவனைவிட அதிகமாகக் கனவு கண்டவள். ஒன்றும் ஆகாமல் நாலு மணி அடித்துவிட்டால் இந்த டெஸ்டைக் கெடுத்த பாவம் அவளுடையது. தொழிற்சாலை வாசலில் காலமெல்லாம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதுதானே வேண்டும், அவன் நன்றாக இருந்தால் போதும் என்று ஒரு மனம் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு மனம் வாய் திறக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்தது சரி, புரிந்துகொண்டது சரி, கழுவுகிறவளுக்கும் தெரியும் என்று இந்த உலகம் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அது காத்திருந்தது. அது ஒப்புக்கொள்ள வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? அந்த இடத்துக்கு வந்ததும் அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று தன் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நினைக்கிற ஒருத்தி. ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு மருந்துப் பெட்டி வந்தது. டாக்டர் அதைக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்தார். அறிகுறி தெரிந்தால்தான் ஏற்றுவது, அதுவரை காத்திருப்பது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ரெண்டரை ஆயிற்று. "இந்நேரம் என் பேரைக் கூப்பிட்டுட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் கோபித்துக்கொண்டு படுக்கும்போதும் இதே முதுகுதான்.

மூன்று ஐந்துக்கு அந்த முதுகு பேசியது. "அக்கா, இந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன். சுத்தற சுத்துல குமட்டுது."

ஃபேன் ஓடவில்லை. காலையிலிருந்தே அந்த வார்டில் ஃபேன் ரிப்பேர்.

"மேடம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டில்காரர் டம்ளரைக் கீழே போட்டார். டாக்டர் வந்தபோது தம்பி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மூச்சு, ஓடி வந்தவனுடையதுபோல மேலும் கீழும் இழுத்தது. "நெஞ்சு... யாரோ உக்காந்திருக்காங்கக்கா" என்றான். பிறகு அவன் கண் அவளைத் தாண்டி எதையோ பார்த்தது. கை ஒருமுறை வெட்டி இழுத்தது. ஆக்சிஜன் மூடி முகத்தில் ஏறியது. டாக்டரின் கை பெட்டியைத் திறந்தது. தேட வேண்டியிருக்கவில்லை, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரு முழத்துக்குள் இருந்தது. பாட்டிலில் கரைத்த மருந்து பீட்ரூட் சாறுபோல அடர்ந்த சிவப்பு. அது குழாய் வழியே அவன் கைக்குள் இறங்குவதை அக்கா கதவோரத்தில் நின்று பார்த்தாள். கால்மணி நேரமா, அரை மணியா, தெரியாது. மூச்சு ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசைக்கு வந்தது. அப்போதுதான் அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

மாலையில் டாக்டர் வெளியே வந்து பக்கத்திலேயே, தரையிலேயே உட்கார்ந்தார். "காலைல நான் அனுப்பியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. பிறகு, "அந்தத் தாளை நான் வெச்சுக்கலாமா?" என்றார்.

"கம்பெனி தாள் மேடம். கிழிச்சிட்டு வந்தது."

"அப்ப காப்பி எடுத்துட்டுத் தர்றேன். மத்த டாக்டருங்களுக்குக் காட்டணும். நாளைக்கு அவங்க வரும்போது நீங்களும் இருங்க. கேள்வி கேப்பாங்க."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்றது. காலையில் எதிர்பார்த்த மாதிரி அது ஆர்ப்பாட்டமாக இல்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்தவள் நிற்பதுபோல, அசையாமல், கழுத்து நேராக நின்றது. அந்த மத்தியான நினைப்பும் கூடவேதான் இருந்தது. அதை இறக்கி வைக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

தம்பி கண் விழித்துத் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். தோலெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது, மருந்தின் நிறம்.

"அக்கா... நான் ஏன் செவந்துட்டேன்?"

"இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்க. பேசாம படு."

"டெஸ்ட் போச்சு."

"போச்சு."

"ரெண்டரைக்கு ஏறியிருந்தா, மூணு மணிக்கு மெயின் ரோட்டுல..." அவனும் முடிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். ஃபைலைக் கேட்கிறான் என்று நினைத்து அவள் கொடுத்தாள். அவன் அதை ஓரமாக வைத்துவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "இருபது வருஷம்மா" என்றார். "அந்த பெஞ்சுல உக்காந்துட்டு வீட்டுக்குப் போனவன் எவனாவது ராத்திரி என்ன ஆனான்னு நான் கேட்டதே இல்ல." பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எத்தனை மணி நேரம்னு சொன்ன? மெதுவா சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். சாது மேலே பட்டால் பெஞ்சில் உட்காரக் கூடாது, குளித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரி, ஒரு முழு நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆயிற்று. சூப்பர்வைசர் இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றார். அரைமணி என்ற பெயர் அவரோடு வீட்டுக்கும் போயிற்று. டாக்டர் மேல்படிப்புக்கு வேறு ஊர் போனார். போகும்முன் அந்தச் சிவப்பு மருந்தில் இரண்டு பெட்டிகளை ஆஸ்பத்திரி அலமாரியில் எப்போதும் இருக்கும்படி செய்துவிட்டுப் போனார். அக்கா இன்னும் பாட்டில் கழுவுகிறாள்; மாதம் ஒருமுறை பாதுகாப்புக் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள், புதிதாக வருகிற தாள்களை அவள்தான் எல்லோருக்கும் படித்துச் சொல்கிறாள். தம்பி ஐந்து மாதம் கழித்து டெஸ்டுக்குப் போய் ரிவர்ஸில் கம்பத்தை இடித்துத் தோற்றான். அடுத்த முறை ஜெயித்தான்.

அம்மாவிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. அவசரமாக வெளியூர் லோடுக்குத் துணையாகப் போயிருக்கிறான் என்றார்கள். நாலாம் நாள் செக்கச்செவேல் என்று வந்து நின்றவனைப் பார்த்து அவள் பதறியபோது, "வெயில்மா" என்றான். அவள் நம்பிவிட்டாள். இப்போதும் அவன் வேலைக்குக் கிளம்பும் காலைகளில், வானம் மூடிக்கொண்டிருந்தாலும், நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் தெருவரை வருகிறாள். டேங்கரின் கதவு உயரம். அவள் குதிகாலை உயர்த்தி, துண்டை ஒரு கையால் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே குனிகிறான்.